செக்போஸ்ட் அக்காவின் கூடைச் சோதனை

காரைக்காலில் ஒருவர் வாங்கும் பாக்கெட்டைப் பார்த்தே, அவர் எந்த வியாதியில், ஏறத்தாழ எந்த வயதில் சாவார் என்று சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். டாக்டர் இல்லை, ஜோசியரும் இல்லை. எங்கள் தெருவில் நாலைந்து வீடு தள்ளிக் குடியிருந்த செக்போஸ்ட் அக்கா. யாரும் கேட்காமலே சொல்வார். கடைக்கோடியில் துவரம்பருப்பு அள்ளிக்கொண்டிருப்பவருக்கும் கேட்கும்படி சொல்வார்.

பெயர் வந்த கதையை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். புதுச்சேரி மாநிலத்தைச் சேர்ந்த எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. எங்கள் ஊரில் சாராய பாட்டில் மலிவு என்பதால், நாகூருக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் வாஞ்சூர் செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்துவார்கள். போலீஸ்காரர் ஏறி, சீட்டுக்கு அடியில் குனிந்து, நம் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். சீர்வரிசைத் தட்டின் மேல் மூடிய துணியைத் தூக்கிப் பார்த்த சம்பவமெல்லாம் உண்டு. அக்கா செய்த வேலையும் அதுதான். 

சுனாமிக்கு மறு வருஷம் ஊரில் ஒரு டிபார்ட்மெண்டல் ஸ்டோர் திறந்தார்கள். கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு வேண்டியதை நாமே பொறுக்கிக்கொள்ளலாம் என்பது எங்களுக்குப் பெரிய சுதந்திரமாக இருந்தது. அந்தச் சுதந்திரம் பில் போடும் இடத்துக்கு முன்னால் அரிசி மூட்டை வரைக்கும்தான். அங்கே அக்கா நிற்பார். நம் கூடைக்குள் கையை விட்டு, மேலே கிடக்கும் கத்தரிக்காயை ஒதுக்கிவிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். எங்கள் தெருப் பெண்கள் எல்லோருக்கும் அடியில்தான் விஷயம் இருந்தது.

நான் முதலில் மாட்டியது இஞ்சி பூண்டு விழுதில்.

"ஏம்மா, என்னது இது?"

"இஞ்சி பூண்டு பேஸ்ட்டுக்கா."

"அது தெரியுது. இஞ்சியும் பூண்டும் அந்தா கெடக்கு. அதை உரிச்சு நசுக்கறதுக்கு என்ன? விரலை வாடகைக்கா எடுத்துருக்கே?"

"காலையில ஆபீஸ் போவணும்க்கா. நேரம் இல்ல."

"எப்புடி இருக்கும்? இதைத் தின்னா நாப்பதுக்கு மேல உனக்கு நேரமே இருக்காது."

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார்கள்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். நான் சர்க்கார் ஆபீஸில் கிளார்க். என் கணவரும் சர்க்கார் உத்தியோகம்தான், ஆனால் அவரைப் புதுச்சேரிக்குத் தூக்கிப் போட்டிருந்தார்கள். காரைக்கால்காரர்களுக்கு இது பழகிப்போன தலையெழுத்து. சனிக்கிழமை வருவார், அழுக்குத் துணியோடு வருவார், திங்கட்கிழமை விடியும்முன் சலவைத் துணியோடு கிளம்பிவிடுவார். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், ஒரு கேஸ் அடுப்பு, எட்டரை மணி பஸ். மாவு பாக்கெட்டும் சாம்பார்ப் பொடியும் இல்லாவிட்டால் என் குடும்பம் என்றோ நடுத்தெருவுக்கு வந்திருக்கும். இதையெல்லாம் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று விளக்க முடியுமா?

அக்கா ஆள் பார்த்துப் பேசுகிறவர் இல்லை. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பேங்க் மேனேஜர், பாதி வெந்த சப்பாத்தி பாக்கெட்டோடு நின்றார். தனியாள், பாவம், டை கட்டியிருந்தார்.

"சார், இது எப்ப சுட்டதுன்னு தெரியுமா?"

"தெரியலையேம்மா."

"உங்க டிரான்ஸ்பர் ஆர்டர் டைப் அடிச்ச அன்னைக்குச் சுட்டிருப்பான். அதுக்கப்புறம் நீங்க சாமான் கட்டி, லாரி புடிச்சு, இங்க வந்து சேந்துட்டீங்க. இது இன்னும் வேவாமயே கெடக்கு."

மேனேஜர் சப்பாத்தியைத் திரும்ப வைத்துவிட்டு இரண்டு வாழைப்பழத்தோடு போனார். 

கடை முதலாளி திருமலைராயன்பட்டினத்துக்காரர், பாய் என்றுதான் கூப்பிடுவோம். நோன்பு மாதத்தில் நோன்புக் கஞ்சி மிக்ஸ் என்று ஒரு பாக்கெட்டை ஆசையாக அடுக்கி வைத்தார். அக்கா அதில் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஏன் பாய், பகல் பூரா பட்டினி கெடந்த வயித்துல முதமுதல்ல இதையா ஊத்துவீங்க? உங்க வீட்ல இதான் காய்ச்சுறாங்களா?"

பாய் அல்லாவுக்குப் பயந்தவர். பொய் சொல்லவில்லை. "எங்க வீட்ல அரிசி ஒடைச்சுத்தான் காய்ச்சுறாங்க. இது யாவாரத்துக்கு" என்றார். கேட்டுக்கொண்டிருந்த இரண்டு முஸ்லிம் லாத்தாமார்களும் பாக்கெட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். 

அதற்குப் பிறகு கடத்தல் தொடங்கியது. மெடிக்கல் ஷாப்பில் பெண்களுக்குத் தேவையானதைச் சுற்றித் தருவார்களே, அதுபோல ரசப்பொடியை நியூஸ் பேப்பரில் சுற்றித் தரச் சொல்லி பில் போடும் பெண்ணிடம் கிசுகிசுத்தார்கள். எதிர்வீட்டு மல்லிகா நாகப்பட்டினம் போய் சாம்பார்ப் பொடி வாங்கி வந்தாள். காரைக்காலிலிருந்து வெளியே கடத்துவதுதான் உலக வழக்கம். வெளியிலிருந்து காரைக்காலுக்குள் கடத்தி வரப்பட்ட முதல் சரக்கு மல்லிகாவின் சாம்பார்ப் பொடியாகத்தான் இருக்கும். 

இத்தனைக்கும் அக்காவைக் கடையைவிட்டு விரட்ட யாருக்கும் மனம் வரவில்லை. அவர் ஏன் இப்படி ஆனார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவர் கணவரை டிரைவர் மாமா என்போம். வெகுதூரம் போகும் பஸ்ஸை வாழ்நாளெல்லாம் ஓட்டியவர். ராத்திரியில் பஸ்ஸை நிறுத்தும் இடத்தில் என்ன கொடுப்பார்களோ அதைச் சாப்பிட்டே ரிட்டயர் ஆனார். ரிட்டயர் ஆன கையோடு வயிற்றில் வலி வந்தது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றைத் திறந்து பார்த்தார்கள், அப்படியே மூடித் தைத்துவிட்டார்கள். என் கணவர் அங்கேதானே இருக்கிறார், துணைக்குப் போயிருந்தார். டாக்டர் அக்காவைக் கூப்பிட்டு, "இனிமே இங்க வேணாம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவருக்கு வேணுங்கறதை வீட்ல செஞ்சு குடுங்க" என்றாராம். 

அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவுக்குக்கூடத் தெரிந்திருக்கும். அக்கா அதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே என் கணவரிடம், "வீட்ல செஞ்சு குடுத்தா சரியாப் போயிடும்னு டாக்டரே சொல்லிட்டாரு, கேட்டீங்கள்ல" என்றாராம். அவரும் ஆமாம் என்றாராம். கடலூர் தாண்டி ஓடுகிற பஸ்ஸில் வேறு என்ன சொல்வது? பொங்கல் தாண்டாது என்று டாக்டர் என் கணவரைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். அவர் என்னிடம் சொன்னார். நான் மல்லிகாவிடம் மட்டும் சொன்னேன். ஆகவே தெருவுக்கே தெரிந்தது.

அக்கா வைத்தியத்தைத் தொடங்கினார். குரும்பகரத்தில் பிறந்த வீட்டிலிருந்து அரிசியும் உளுந்தும் வரவழைத்தார். பச்சை மஞ்சளை வாங்கி வேகவைத்து, காயவைத்து, இடித்தார். மல்லி, மிளகாய், சீரகம் எல்லாம் அவர் வீட்டு மாடியில்தான் காயும். ஐஸில் வைத்த மீன் வாசல்படி ஏறக் கூடாது. விடிந்ததும் படகு வருகிற இடத்துக்கே போய் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கி வருவார். உப்பு ஒன்றுதான் அவர் வீட்டில் காய்ச்சவில்லை. கடல் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இருந்திருந்தால் அதையும் செய்திருப்பார்.

டிரைவர் மாமா பொங்கலைத் தாண்டினார். சித்திரையைத் தாண்டினார். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து ஜனங்கள் இறைத்த மாம்பழத்தில் ஒன்றை அக்கா முந்தானையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, பிழிந்து, அவர் வாயில் ஊற்றினார். டாக்டர் சொன்னது பொய்யாகிவிட்டதோ என்று தெருவே மிரண்டுபோனது. மல்லிகா பரணிலிருந்து அம்மிக் குழவியை இறக்கினாள். நானும் ஒரு வாரம் பூண்டு உரித்தேன். அக்காவின் சோதனையும் கடுமையாகிவிட்டது. இப்போது அவர் கையில் சாட்சி இருந்தது. "எங்க வீட்டு ஆளைப் பாரு. எழுந்து நடக்குறாரு" என்பார்.

எனக்குச் சமயத்தில் கோபம் வரும். அவர் புருஷனுக்கு வியாதி வந்ததற்கு என் சாம்பார்ப் பொடி என்ன செய்யும்? ஆனாலும் அவர் கூடையைக் கிளறும்போது அந்தக் கைகளைப் பார்த்தால் கோபம் இறங்கிவிடும். மஞ்சள் இடித்து இடித்து விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும்.

புரட்டாசியில் ஒரு நாள் அக்கா மீன் வாங்கப் போகும்போது, "மாமா தனியா இருக்காரு, செத்த நேரம் உக்காந்துரும்மா" என்று என்னைக் கூப்பிட்டார். மாமாவைப் பார்த்ததும் பகீரென்றது. சட்டைக்குள் ஆளே இல்லை. 

"வாம்மா. ஒரு ஒத்தாசை பண்ணுவியா?" என்றார். 

"சொல்லுங்க மாமா."

"கோட்டுச்சேரி முக்குல ஒருத்தன் பொரட்டா போடுவான். ஒரே ஒரு பொரட்டா, சால்னாவை மேல ஊத்தி. திங்கல்லாம் வேணாம். பக்கத்துல வச்சு மோந்து பாத்தாப் போதும்."

"அக்கா என்னைக் கொன்னுடுவாங்க மாமா."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் வலியாகி, வெகுநேரம் கழித்து அடங்கியது. 

"டாக்டரு சொன்னது எனக்கு அன்னைக்கே விளங்கிட்டும்மா. அவளுக்குத்தான் விளங்கல. நான் ஒரு வாய் முழுங்குனா அவ மொகம் எப்புடி ஆவுது தெரியுமா? அதுக்காவத் திங்கிறேன். அவ அந்தாண்ட போனதும் கொல்லைப்பக்கம் போயிட்டு வந்துடுறேன். எதுவும் தங்கறதில்ல. நீ சொல்லிடாத, என்ன?"

சொல்லவில்லை. அக்கா கொடுவா மீனோடு வந்து, செவுளைத் தூக்கி எனக்குக் காட்டி, "ரத்தமா இருக்கு பாத்தியா" என்று பெருமைப்பட்டார். மாமா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். அன்று எட்டரை மணி பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன். 

ஐப்பசி மழையில் மாமா போய்விட்டார். விடியற்காலையில் போனார்.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் காபி போட்டுக் கொண்டுவருவார்கள், பிணம் எடுத்ததும் சாப்பாடு கொண்டுவருவார்கள். இதைச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை, அவரவரே செய்வது. திருவாரூரிலிருந்து அக்காவின் மகள் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வந்துவிட்டாள். நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காபி வரவில்லை. அழுகை நடுவில் யாரும் கவனிக்கவில்லை. மத்தியானம் தாண்டி மழை விட்டதும் தூக்கினார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள், பெண்கள் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தோம். சாப்பாடும் வரவில்லை. பிள்ளைகள் பசியில் தேம்பத் தொடங்கின. மகள் அவர்களை வாயைப் பொத்தி உள்ளே இழுத்துப் போனாள்.

நான் மல்லிகாவைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன். "சோறு எங்கடி?"

"செஞ்சு கேரியர்ல போட்டு வச்சிருக்கேன்."

"கொண்டார வேண்டியதுதானே?"

"எப்புடிக்கா கொண்டாருவேன்? அது பாக்கெட் பொடி சாம்பாரு. அவங்களுக்கு மோந்தாலே தெரிஞ்சுடும். புருஷனைப் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கறவங்க முன்னாடி அதை எப்புடிக் கொண்டாந்து வைக்கிறது?"

பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டேன். அவளும் செய்து வைத்திருந்தாள். ரசப்பொடி கடையில் வாங்கியது. கோடி வீட்டம்மா காபியே போடவில்லை. பாக்கெட் பால் ஆயிற்றே. வேறு யாராவது நல்லதாகக் கொண்டுவருவார்கள் என்று ஒவ்வொருத்தியும் இருந்துவிட்டாள். தெரு முழுக்க வீட்டுக்கு வீடு கேரியரில் சோறு நிரம்பி இருந்தது, துக்க வீட்டில் மட்டும் பட்டினி கிடந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், ஆனால் பற்றிக்கொண்டுதான் வந்தது.

வீட்டுக்கு ஓடினேன். குளிர்பெட்டியில் இருந்தது மாவு பாக்கெட். டப்பாவில் இருந்தது கடையில் வாங்கிய இட்லிப் பொடி. இரண்டு தட்டு ஊற்றி எடுத்து, பொடியில் எண்ணெய் விட்டு, மூடாமல் அப்படியே தெருவில் தூக்கிக்கொண்டு போனேன்.

அக்கா ஈரத் தலையோடு சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தார். முன்னால் வைத்தேன். 

"கடை மாவுதான்க்கா. பொடியும் கடைதான். எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

அவர் இட்லியைப் பார்த்தார். வாசலில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா கையை நீட்டி, உள்ளே பார்த்து, "பிள்ளைங்களைக் கூப்பிடு" என்றார். அவர்களுக்கு வைத்துக் கொடுத்துவிட்டுத் தானும் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். மெதுவாக மென்றார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார். அவரிடமிருந்து அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை.

"அவரு தின்னது எதுவும் தங்கலன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

நான் தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

"கொல்லையைக் கழுவுறது யாரும்மா? நான்தானே."

"அக்கா..."

"டாக்டரு சொன்னதும் விளங்காமயா இருந்துச்சு? வெறுங்கையோட உக்காந்து அவரு போறதைப் பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியல. அதான் இடிச்சேன், அரைச்சேன். கடையில போயி கண்டவங்களையும் வஞ்சேன்." இன்னொரு விள்ளல் எடுத்தார். "வெளிய நிக்கிறவளுங்களை எல்லாம் கொண்டாரச் சொல்லு. ஆம்பளைங்க சுடுகாட்டுலேர்ந்து பசியோட வருவாங்க."

கேரியர்கள் வந்தன. தமிழ்நாட்டில் சாம்பார்ப் பொடி போடுகிற அத்தனை கம்பெனியும் அன்று அந்தக் கூடத்தில் ஆஜர். அக்கா எதையும் முகர்ந்து பார்க்கவில்லை. யாரையும் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. 

கருமாதி முடிந்து மகளும் ஊருக்குப் போனாள். அக்கா மறுபடி கடைக்கு வரத் தொடங்கினார். அரிசி மூட்டைப் பக்கம் நிற்பதில்லை. குனிந்தபடி வந்து, வாங்கிக்கொண்டு, குனிந்தபடியே போவார். மல்லிகா ரசப்பொடியைக் கூடையின் மேலாகவே வைத்துக்கொண்டு அவரைக் கடந்து போனாள். அவர் திரும்பவில்லை. பாய் என்னிடம் வருத்தப்பட்டார். "யாவாரம் நல்லா ஓடுதும்மா. ஆனா அக்கா இப்புடி வாயே தெறக்காம போறது எனக்கு மனசுக்குச் சரியாப் படல."

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். அவர் கூடையில் ஒரே ஒரு சாமான் இருந்தது. இருப்பதிலேயே சின்ன மாவு பாக்கெட்.

"என்னக்கா இது?"

"ஒத்த வயித்துக்கு எதுக்கும்மா அரைச்சுக்கிட்டு" என்றார். 

பாக்கெட்டை அவர் கூடையிலிருந்து எடுத்தேன், திரும்பப் போய் வைத்துவிட்டு வந்தேன். "நாளைக்குக் காலையில நம்ம வீட்டுக்கு வாங்க. நான் அரைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கு அரைக்கவே தெரியாது என்பது ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போனதும் அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட்டேன். கிரைண்டரைத் துடைத்து ஓடவிட்டதில் பாதி மாவு சுவரில் தெறித்தது. ஊரிலிருந்து வந்திருந்த என் கணவர், நமக்குள் ஏதும் பிரச்சினையா என்று பயந்துபோய்க் கேட்டார்.

காலையில் அக்கா வந்தார். இட்லி வைத்தேன். விரலால் அழுத்திப் பார்த்தார், அது அசையவில்லை. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு வெகுநேரம் மென்றார்.

"உளுந்து பத்தல."

"சரிக்கா."

"ஊறவும் இல்ல. மாவு பொங்குறதுக்குள்ள ஊத்திட்டே. உப்பு ஒரு பக்கம் கெடக்கு, இட்லி ஒரு பக்கம் கெடக்கு. இந்த லட்சணத்துல சர்க்காரு உனக்கு எதுக்கும்மா சம்பளம் குடுக்குது?"

என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் அக்கா தட்டில் இன்னொரு இட்லி வைத்தேன். அதையும் திட்டிக்கொண்டேதான் சாப்பிட்டார். நான் எதிரே உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் திட்டுக்கு நான் எத்தனை ஏங்கிப்போயிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.